ஒட்டாத காகிதம்

இந்த அறையின் ஜன்னல் கண்ணாடியை யாரோ வெயில் நேரத்தில் துடைத்திருக்கிறார்கள், ஐயா. கோடு கோடாகத் தெரிகிறது பாருங்கள். கண்ணாடி சூடாக இருந்தால், நாம் வழித்தெடுப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். காலையில், நிழல் இருக்கும்போது துடைக்கச் சொல்லுங்கள். ஆளை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

சரி, சுவருக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அதைத்தான்.

அந்த வீட்டின் படுக்கையறையில், குளியலறைச் சுவரும் வெளிச்சுவரும் சேரும் மூலையில், ஒரு கறுப்புப் படலம் வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை அகலத்தில் தொடங்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் கட்டில் உயரத்துக்கு ஏறிவிடும். பூஞ்சை. நான் போய் மருந்தடித்துத் துடைப்பேன். சுவர் பால்போல் வெளுக்கும். மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் எட்டிப் பார்க்கும். பெயின்டர் வந்து பெயின்ட் மட்டம் என்றார், ஏனென்றால் அவர் பெயின்டர். பிளம்பர் வந்து குழாய் கசிகிறது என்று தரையை உடைத்தார். குழாய் காய்ந்து கிடந்தது, அவருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. வாடகை ஏஜென்சி மேடம் வந்து பார்க்காமலேயே, குடியிருப்பவர் சரியில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கும் அப்போது காரணம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாம் திட்டம் போட்டுத்தான் தொடங்கினேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

புரிய வேண்டுமென்றால் இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுவாரசியமான விஷயம்தான்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டை ஏஜென்சியிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஏஜென்சி ஆள் பிடித்துக் குடிவைக்கிறது. ஒருவர் காலி செய்ததும் அடுத்தவர் வருவதற்குள் வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும் ஒரு பழைய வேனும். எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுச் சொந்தக்காரர் யாரென்றே தெரியாது. ஏஜென்சிதான் படியளப்பது.

ஏஜென்சியின் வேலையைப் பிடிப்பது எப்படி என்று கேட்டால், சுத்தமாகத் துடைத்தால் கிடைக்கும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பி, முதல் வீட்டில் சமையலறை அலமாரிகளை நகர்த்திப் பின்பக்கமெல்லாம் தேய்த்தேன். அங்கே யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேடம் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்துக் கதவின் மேல்விளிம்பில் இழுத்தார். தூசி வந்தது. காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே என் மனைவி அவருக்கு 'டிஷ்யூ மேடம்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அன்று கற்றுக்கொண்டேன். அவர் பார்ப்பது கதவின் மேல்விளிம்பு, குழாயின் பளபளப்பு, உள்ளே நுழைந்ததும் வரும் வாசனை. அவ்வளவுதான். அதனால் வாசலுக்குப் பக்கத்தில் எலுமிச்சை வாசனைத் திரவத்தைக் கொஞ்சம் தாராளமாகத் தெளித்துவிடுவேன். மூக்கு வாசலிலேயே முடிவெடுத்துவிடும். கண் பின்னாலேயே வந்து ஆமாம் போடும். சாவியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் எது உடைந்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. உடைந்ததைச் சொல்பவன் செலவைக் கொண்டுவருபவன். எல்லாவற்றுக்கும் மேல், போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட வேண்டும். கையில் என்ன வேலை இருந்தாலும் சரி.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்கிறேன். முன்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். குளியலறை நீராவி அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாம் துடைக்கும் நேரத்தில் வெளியே காற்றடித்தால் குழாயிலுள்ள தூசியெல்லாம், கழுவி வைத்த சுவரில் வந்து அப்பிக்கொள்ளும். அதனால் ஒரு ஈரத் துணியை மடித்துக் குழாயின் வாயில் அடைத்துவிட்டு வேலை செய்வேன். எங்களிடம் சமையலறைக்கு மஞ்சள் துணி, குளியலறைக்கு நீலத் துணி. கக்கூஸ் துடைத்த துணி பாத்திர மேடைக்குப் போய்விடக் கூடாதல்லவா. மனைவி பழைய துண்டுகளை வெட்டி, நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைச் சிவப்பு நூலால் மடித்துத் தைப்பாள். கடைத் துணியைவிட நன்றாக நீர் இழுக்கும்.

அந்தப் பூஞ்சை வீட்டை முதல் முறை கழுவிய அன்று, துணியை அடைத்துத் துடைத்து முடிக்கும் நேரம், கூடத்தில் போன் அடித்தது. மூடியைத் திருகிவிட்டு ஓடினேன். மேடம்தான். வேறொரு வீட்டுச் சாவியை உடனே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போனேன். துணி உள்ளேயே தங்கிவிட்டது.

ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தமும் வந்தது. சத்தம் வந்தால் வேலை நடக்கிறது என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். பல அலுவலகங்கள் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. உங்களுடையதைச் சொல்லவில்லை. வெளியே போக வழியில்லாத நீராவி படுக்கையறைக்கு நடந்தது. இருப்பதிலேயே குளிர்ந்த சுவர் எது என்று தேடிப் பிடித்து, அதன்மேல் தண்ணீராக உட்கார்ந்தது. ஈரச் சுவரில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எவ்வளவு ஒழுங்கான காரியம் பாருங்கள், யாரும் எதையும் ஊற்றவில்லை, சுவர் தானாகவே ஊறுகிறது.

அப்போது அங்கே இருந்தவர் தனியாளாக ஒரு இளைஞர். அவர் ஏஜென்சியில் புகார் செய்வார். மேடம் என்னைக் கூப்பிடுவார். நான் பறந்துபோய்த் துடைப்பேன். "கூப்பிட்ட உடனே வந்து நிக்கிறீங்க. உங்கள மாதிரி ஆள் கிடைக்கிறதே கஷ்டம்" என்பார். என் எண் அவர் கைக்குப் பழகிவிட்டதால் மற்ற வீடுகளுக்கும் என்னையே கூப்பிட்டார். அந்தச் சமயத்தில்தான் வேனுக்குப் புது டயர் போட்டேன்.

இளைஞர் காலி செய்தபோது ஃபேன் மூடியைக் கழற்றினேன். சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்தது. சிரித்துவிட்டேன், ஐயா. பெயின்டரும் பிளம்பரும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் என் துணிதான். உருவினேன். சில நாளில் சுவர் காய்ந்தது. அதோடு போனும் காய்ந்தது. புகார் இல்லை, அதனால் அழைப்பு இல்லை. மேடத்துக்கு என் நினைவே வரவில்லை. மூன்று வேன் வைத்திருந்த ஒரு கம்பெனி, பளபளக்கும் அட்டை ஒன்றை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தது.

"போன் கெட்டுப் போச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நாம கெட்டுப் போயிட்டோமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நான் யோசித்தேன். சுத்தம் யாருடைய நினைவிலும் நிற்பதில்லை. கறை நிற்கும், கறையோடு சேர்த்து அதைத் துடைத்தவனும் நிற்பான். அடுத்த குடித்தனத்துக்காக அந்த வீட்டைக் கழுவியபோது, துணியை மடித்துக் குழாயில் வைத்து மூடியைத் திருகினேன். முன்பு மறதியில் செய்ததை இப்போது நினைவோடு செய்தேன், வித்தியாசம் அவ்வளவுதான். வேறு சில வீடுகளிலும் வைத்தேன். எல்லா வீட்டிலும் இல்லை. ஜன்னல் இல்லாத குளியலறையாகப் பார்த்து மட்டும். பேராசை எனக்கு எப்போதும் கிடையாது.

அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றுபவர். அம்மா வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தது. குழந்தையின் கட்டிலை அந்த மூலையில் போட்டிருந்தார்கள். அறையில் வேறு இடமில்லை. முதல் முறை சுவரைத் துடைக்கப் போனபோதே, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடச் சொன்னேன். அது என் வேலையே இல்லை. மனசு கேட்காமல்தான் சொன்னேன்.

"அம்மா, சோப்பு மாமா வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே குழந்தைதான் கதவைத் திறக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வரும். சுவரிலிருந்த கறுப்பைக் காட்டி, "இது நேத்து நாய் மாதிரி இருந்துச்சு, இன்னைக்கு ஒட்டகம்" என்று விளக்கம் சொல்லும். தூங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்குமாம்.

அம்மாக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீடு அலங்கோலமாக இருப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பார். என்னிடம். "அண்ணா, நான் ஈரத் துணிய உள்ள காயப் போடறதாலதான் இப்படி வருதுன்னு மேடம் சொல்றாங்க. நிஜமாவா?"

"ஜன்னலத் திறந்து வைங்கம்மா" என்றேன்.

பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைப்பது எந்த வீட்டுக்கும் நல்லதுதான். அதற்குப் பிறகு அவர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, குளிர் மாதத்திலும் ஜன்னலைத் திறந்தே வைத்தார். குழந்தை வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரும் குல்லாயுமாகத் திரிந்தது. இருமல் இருந்தது. பிறகு இளைப்பும் சேர்ந்துகொண்டது. குட்டி விசில் ஒன்றை விழுங்கிவிட்டதுபோல், மூச்சு விடும்போதெல்லாம் சத்தம் வரும். "எனக்குள்ள ஒரு குருவி இருக்கு மாமா, காதை வச்சுக் கேளுங்க" என்று நெஞ்சைக் காட்டும். நான் கையில் மருந்து இருக்கிறது என்று சொல்லித் தள்ளி நின்றுகொள்வேன்.

ஒருநாள் அது முக்கியமான விஷயம் சொல்வதுபோல் என் கையைப் பிடித்து இழுத்தது.

"மாமா, எங்க ஸ்கூல் பாத்ரூம் ஃபேன் இருக்குல்ல, பேப்பரக் கிட்ட கொண்டு போனா டப்புன்னு புடிச்சுக்கும். நாங்க எல்லாரும் விளையாடுவோம்."

"ஓகோ."

"நம்ம வீட்டு ஃபேன் புடிக்கவே மாட்டேங்குது. அப்பா தோள்ல ஏறி வச்சுப் பாத்தேன். கீழ விழுந்துடுச்சு. ஏன் மாமா?"

பெயின்டர், பிளம்பர், ஏஜென்சி எல்லாரும் தோற்ற இடத்தில், பல் முளைக்காத ஒன்று வந்து நின்றுகொண்டிருந்தது. டிஷ்யூ மேடம் அத்தனை கதவுகளின் மேல் இழுத்த காகிதத்தை ஒரே ஒரு தடவை அந்த ஃபேனிடம் காட்டியிருந்தால் போதும். அவர் காட்டவில்லை. ஃபேனுக்கு மேல்விளிம்பு கிடையாதே.

"அதுக்குப் பசிக்கலையோ என்னவோ" என்றேன்.

குழந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. அம்மா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார். "சிரிக்காதடி கண்ணு, சிரிச்சா உனக்கு வந்துடுது இல்ல" என்றார். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் சுவரைத் துடைத்து முடித்தேன். அன்று ஒட்டகம், தலை முதல் வால் வரை, சுத்தமாகப் போனது.

அந்தக் குளிர்காலத்தில்தான் மேடம் புதுச் செய்தி சொன்னார். ஏஜென்சியின் எல்லா வீடுகளையும் இனி ஒரே ஆளிடம் கொடுக்கப்போகிறார்களாம். ஒன்று நான், அல்லது மூன்று வேன் கம்பெனி. "குளிர் முடியட்டும், பாத்துச் சொல்றேன்" என்றார். கிடைக்காவிட்டால் வேனை விற்றுவிட்டு நாங்கள் இருவரும் அந்தக் கம்பெனியிலேயே கூலிக்குத் துடைக்கப் போக வேண்டியதுதான். என் நிலைமையையும் பார்க்க வேண்டும், ஐயா.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறியதும் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அது தூங்கிக்கொண்டிருந்தபோது நான் சுவரைத் துடைக்கப் போனேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, ஃபேன் மூடியைக் கழற்றினேன். துணியை உருவிக் கையிலும் எடுத்துவிட்டேன். குழாய் வழியாக வெளிக்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. அப்போது போன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்தேன்.

"அந்த வீட்டுலதான் இருக்கீங்களா? அந்தப் பொம்பள மறுபடியும் சுவர் சுவர்னு உயிர எடுக்குது. எங்க ஆள் வாராவாரம் வர்றார், இதுக்கு மேல என்ன வேணும்னு கேட்டுட்டேன். பாருங்க, இந்த மாதிரி தலைவலியெல்லாம் அந்த வேன்காரங்களால சமாளிக்க முடியாது. உங்கள நம்பித்தான் மத்த வீட்டையும் குடுக்கப்போறேன்."

"சரிங்க மேடம்" என்றேன்.

கையிலிருந்த துணியைப் பார்த்தேன். விறைத்துப்போய், முகர்ந்தால் குமட்டும்படி நாறியது. அதை மறுபடி உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை இருக்கும் வீடு. பையிலிருந்து துவைத்த துணி ஒன்றை எடுத்து, நனைத்து, ஓரம் வெளியே தெரியாமல் மடித்து வைத்தேன். மூடியைத் திருகித் துடைத்தும் விட்டேன். வெளியே வந்தபோது குழந்தை விழித்திருந்தது. குருவி பலமாகக் கத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, பேச முடியாமல், கையை மட்டும் ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தை வீட்டுக்கு வரவில்லை.

குளிர் முடிவதற்கு முன்பே எல்லா வீடுகளும் எனக்குக் கிடைத்தன. அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போனது. சுவரைக் கெடுத்ததற்காக ஏஜென்சி அவர்களுடைய முன்பணத்தில் பிடித்துக்கொண்டது. அம்மாக்காரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். எல்லாம் தன் ஈரத் துணிகளால் வந்ததென்று அவர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவரைப் பார்த்தால் அப்படி இல்லை என்று சொல்லிவிடுங்கள். நானே சொல்லியிருப்பேன், சந்தர்ப்பம் அமையவில்லை.

"நல்லா செஞ்சு குடுங்க. குழந்தை செத்த வீடுன்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார் மேடம். பெரிய வேலை என்பதால் மனைவியும் வந்தாள். நான் படுக்கையறையில் இருந்தேன். குளியலறையை அவள் எடுத்துக்கொண்டாள். அதுதான் என் தவறு. ஃபேனை நானே செய்வதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் துணியோடு வந்து நின்றாள்.

"இது என் தையல்."

"மறந்து வச்சிருப்பேன்" என்றேன்.

"எப்ப மறந்தீங்க?"

"போன தடவ வீடு காலியா இருந்தப்ப."

அவள் துணியைப் பிரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "இது உங்க பச்சத் துண்டு. நீலத் துணி தீர்ந்து போச்சுன்னு போன மாசம்தான் வெட்டித் தச்சேன். துணியெல்லாம் எங்க போகுது, தின்னுறீங்களான்னு கேட்டேனே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பழைய நாற்றத் துணியே உள்ளே இருந்திருந்தால், மறதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். சுத்தமான துணி வைத்ததால்தான் மாட்டிக்கொண்டேன். இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. "அந்தப் புள்ள உங்கள மாமான்னு கூப்பிட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள். துணியை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியை ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். சாவியை அன்றைக்கே கொடுத்தது நல்ல விஷயம். நான் பழக்கியது.

குழந்தையைக் கொன்றுவிட்டாயே என்று காலையில் கேட்டீர்கள். அந்த வார்த்தை எனக்குப் பொருந்தவில்லை. குழந்தையை நான் தொட்டதுகூட இல்லை. நான் செய்ததெல்லாம் சுவருக்குத்தான். துணி வைத்தது நான். குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிந்த பிறகும், எடுத்துவிட்டு மறுபடி வைத்தது நான். இதில் எதையும் மறுக்கவில்லை. மற்றபடி அந்த வீட்டில் என்னைவிட அக்கறையாக வேலை செய்தவர் யாரும் இல்லை.

மற்ற வீடுகளில் இன்னும் பூஞ்சை வருகிறதாம். சுவரை இடித்துப் பார்க்க இன்ஜினியர்கள் வரப்போவதாகச் சொன்னீர்கள். ஒன்றில் கைக்குழந்தை இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். எந்தெந்த வீடு என்று நானே சொல்லிவிடுகிறேன். இடிக்க வேண்டாம். ஒரு டிஷ்யூ காகிதத்தை ஓடுகிற ஃபேனிடம் கொண்டுபோங்கள். கீழே விழுந்தால் மூடியைக் கழற்றித் துணியை உருவிவிடுங்கள். காகிதத்தை மறுபடி வைத்துப் பாருங்கள், டப்பென்று பிடித்துக்கொள்ளும். சில நாளில் சுவர் தானாகவே காய்ந்துவிடும். பிறகு அதைத் துடைக்க யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.